கையை எடுத்து நாலு வருஷம் ஆச்சுங்க, வலி மட்டும் போகலை

பொள்ளாச்சிப் பக்கத்து வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

வயது 37. தென்னை நார் மில்லில் வேலை பார்த்தவர். நான்கு வருடங்களுக்கு முன்பு மட்டையை மெஷினுக்குள் தள்ளும்போது வலது கை இழுபட்டு, முழங்கைக்கு மேலே எடுக்க வேண்டியதாகிவிட்டது. மீதமிருக்கும் கையின் உள்பக்கத்தில் ஓரிடத்தில் சட்டை உரசினால்கூட இல்லாத சுண்டு விரல் வரைக்கும் கரண்ட் அடிக்கிறது. அதனால் செயற்கைக் கையை மாட்ட முடியாமல் அது பரணில் கிடக்கிறது. ராத்திரியில் வேறு வலி: இல்லாத கை மூடிக்கொண்டு, நகம் உள்ளங்கையில் குத்துகிற மாதிரி இருக்கிறது, எரிகிறது. இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் முன்னால் அந்த இடத்தில் இருந்த நரம்பு முடிச்சை ஒரு மருத்துவமனையில் வெட்டி எடுத்தார்கள். ஆறு மாதம் நன்றாக இருந்துவிட்டுத் திரும்ப வந்துவிட்டது. இப்போது நரம்பு வலிக்கான கேபாபென்டின் 300 மில்லிகிராம் மூன்று வேளை, மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கும் டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை தினமும், தூக்கம் வராத ராத்திரிகளில் ஒரு ‘கட்டிங்’.

ஒரு டாக்டர் இதெல்லாம் மனசு சம்பந்தப்பட்டது என்று சொல்லிவிட்டார். இன்னொருவர் எலும்பை இன்னும் இரண்டு அங்குலம் குறைத்துவிடலாம் என்கிறார். மச்சான் யூடியூபில் பார்த்து, நரம்பை வேறு தசையோடு இணைக்கும் ஆபரேஷன் செய்தால் வலி சுத்தமாகப் போய்விடும் என்கிறார். மனைவி நகையை அடகு வைக்கத் தயாராக இருக்கிறார். அமுச்சியோ (பாட்டி), “கையை ஆஸ்பத்திரியில எரிச்சுப்போட்டாங்க, அதுதான் எரியுது” என்று ஆனைமலை மாசாணியம்மனுக்கு வேண்டுதல் வைத்திருக்கிறார். கடிதத்தின் கடைசி வரி: “இல்லாத கைக்கு எதுக்குங்க டாக்டர் வலி? நாலு வருஷம் தள்ளிப்போச்சே, இனி பண்ணினா பலன் இருக்குமா?”

தம்பி, முதலில் அந்த மனசு விஷயத்தை முடித்துவிடுவோம். உங்கள் வலி கற்பனை அல்ல. கை போனாலும் அந்தக் கைக்குப் போய்க்கொண்டிருந்த நரம்புகள் தோள் வரை உயிரோடுதான் இருக்கின்றன. மூளையில் அந்தக் கைக்கான பகுதியும் அப்படியே இருக்கிறது. கை கால் எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் ஏதாவது ஒரு நேரத்தில் இந்த மாயக்கை, மாயக்கால் வலியைச் சொல்லியிருக்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்ப்ருவாஸ் பாரே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். வலி இருப்பதால் மனசு சோர்ந்து போயிருக்கலாம், அதற்கும் உதவி தேவைப்படலாம். ஆனால் மனசு சோர்ந்ததால் வலி வரவில்லை.

அமுச்சியின் கணக்கும் அந்த டாக்டர் சொன்னது போலத் தப்புதான். அகற்றப்பட்ட உறுப்பை எரித்து அழிப்பது மருத்துவக் கழிவு விதிகளின்படி நடப்பது. கையை வாங்கிக்கொண்டு போய் முறைப்படி அடக்கம் செய்தவர்களும் இதே எரிச்சலோடு என்னிடம் வருகிறார்கள். வேண்டுதலை நிறைவேற்றட்டும், அதில் உங்களுக்கு நஷ்டமில்லை. யாரோ செய்த தப்பினால் வலிக்கிறது என்ற எண்ணம் மட்டும் உங்கள் தலையில் ஏற வேண்டாம்.

உங்களுக்கு இருப்பது இரண்டு வலி

நீங்களே இரண்டையும் பிரித்து எழுதியிருப்பது எனக்குப் பெரிய உதவி. பலர் “வலிக்குது” என்று மட்டும்தான் சொல்வார்கள், பிரித்துக் கேட்டு வாங்குவதற்கே அரை மணி நேரம் போகும்.

தொட்டால் சுண்டு விரலுக்குப் பாய்வது, வெட்டுப்பட்ட நரம்பின் நுனியிலிருந்து வருவது. கையின் உள்பக்கமாக இறங்கிச் சுண்டு விரலுக்குப் போவது அல்நார் நரம்பு. நரம்பை வெட்டினால் அது சும்மா இருக்காது. அதன் இழைகள் மறுபடி வளரும், பழைய விரலைத் தேடும். போய்ச்சேர இடமில்லாமல் தழும்புத் திசுவுக்குள் சிக்கிச் சுருண்டு ஒரு முடிச்சாகிவிடும். இதுதான் நியூரோமா. உங்கள் ஊர் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசனக் கிளை வாய்க்காலைப் பாதியில் வெட்டி விட்டுவிட்டால் தண்ணீர் நிற்காது, வெட்டின இடத்தில் பரவிச் சேறாக்கும். சேற்றை அள்ளிப் போட்டாலும் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும் அல்லவா? உங்கள் முதல் ஆபரேஷன் சேற்றை அள்ளின வேலை. அந்த மருத்துவர் தவறு செய்தார் என்று நான் சொல்லவில்லை; முடிச்சை வெட்டி நுனியைத் தசைக்குள் புதைப்பது நீண்டகாலமாகச் செய்யப்படும் முறை, பலருக்குப் போதுமானதாகவும் இருந்திருக்கிறது. உங்களுக்கு ஆறே மாதத்தில் திரும்பியது என்றால் புது நுனியிலும் முடிச்சு வந்திருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன்.

ராத்திரி எரிச்சலும் மூடிய கையும் மாயக்கை வலி. இதில் நரம்பு நுனியின் பங்கும் உண்டு, தண்டுவடம், மூளை ஆகியவற்றின் பங்கும் உண்டு. யாருக்கு எது எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதனால்தான் ஒரே ஆபரேஷன் ஒருவருக்கு முழு நிம்மதியும் இன்னொருவருக்கு அரைகுறைப் பலனும் தருகிறது.

உங்கள் மச்சான் பார்த்த ஆபரேஷன்

அதன் பெயர் டி.எம்.ஆர். (டார்கெட்டட் மசில் ரீஇன்னர்வேஷன்). சிகாகோவில் டாட் குய்கன் என்ற மறுவாழ்வு மருத்துவரும் கிரெகரி டுமேனியன் என்ற பிளாஸ்டிக் சர்ஜனும் வளர்த்தெடுத்த முறை. வலிக்காக ஆரம்பித்ததே அல்ல. செயற்கைக் கையை நினைத்தபடி அசைக்க வைக்கத்தான் கண்டுபிடித்தார்கள். 2001-இல் மின்சாரம் தாக்கி இரண்டு கைகளையும் இழந்த ஜெஸ்ஸி சல்லிவன் என்ற மின்வாரியத் தொழிலாளிக்குக் கைக்குப் போகும் நரம்புகளை மார்புத் தசைக்கு மாற்றி வைத்தார்கள். அவர் கையை மூட நினைத்தால் மார்புத் தசை சுருங்கும், அந்தச் சமிக்ஞையை வாங்கி இயந்திரக் கை மூடும். மார்பைத் தொட்டால் இல்லாத கையைத் தொடுவதுபோல் அவருக்குத் தெரிந்தது. இப்படிச் செய்தவர்களிடம் நியூரோமா வலி குறைந்திருப்பதைப் பிற்பாடுதான் கவனித்தார்கள்.

செய்வது இதுதான்: முடிச்சை வெட்டி, நல்ல நரம்பு தெரியும் இடம் வரை போய், பக்கத்துத் தசைக்குள் நுழையும் ஒரு சிறிய இயக்க நரம்புக் கிளையைத் துண்டித்து அதோடு தைத்துவிடுவது. வளரும் இழைகளுக்கு இப்போது போய்ச்சேர ஒரு தசை கிடைக்கிறது, அதை இயக்கும் வேலையும் கிடைக்கிறது.

முழங்கைக்கு மேல் எடுத்த உங்களைப் போன்றவர்களுக்குப் பொதுவாக உள்ளங்கைக்கும் கட்டை விரல் பக்கத்துக்கும் போகும் மீடியன் நரம்பை, மேற்கையின் முன்பக்கத் தசையான பைசெப்ஸின் குட்டைத் தலைக்கும், புறங்கைப் பக்கம் போகும் ரேடியல் நரம்பை, பின்பக்கத் தசையான ட்ரைசெப்ஸின் வெளித் தலைக்கும், எஞ்சிய கை போதிய நீளம் இருந்தால் அல்நார் நரம்பை, பைசெப்ஸுக்கு அடியில் இருக்கும் பிரேக்கியாலிஸ் தசைக்கும் கொடுப்பார்கள். தலை என்பது தசையின் ஒரு பிரிவு; பைசெப்ஸுக்கு இரண்டு தலை, ட்ரைசெப்ஸுக்கு மூன்று. ஒன்றைக் கொடுத்தாலும் மற்றவை பழைய நரம்போடு இருப்பதால், முழங்கையை மடக்கவும் நீட்டவும் கொடுக்கும் கட்டளை உங்களிடமே இருக்கும். ஒரு விஷயத்தை இங்கே கவனியுங்கள். தொட்டால் சுடும் இடம் அல்நாராக இருந்தாலும், மூடிய உள்ளங்கை எரிவதில் மீடியனுக்கும் பங்கு இருக்கும். எனவே ஆபரேஷன் என்று முடிவானால் அல்நாரை மட்டும் சரிசெய்து விட்டுவிடாமல் மற்றதையும் அதே நேரத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

பொருத்தமான தசைக் கிளை கிடைக்காத இடத்தில் ஆர்.பி.என்.ஐ. (ரீஜெனரேட்டிவ் பெரிஃபெரல் நெர்வ் இன்டர்ஃபேஸ்) என்ற மாற்று உண்டு. உடம்பிலிருந்தே ஒரு சிறு தசைத் துண்டை எடுத்து நரம்பு நுனியைச் சுற்றி வைத்துத் தைப்பது. எளிமையானது. சில மருத்துவர்கள் இரண்டையும் சேர்த்தே செய்கிறார்கள்.

எலும்பைக் குறைப்பது

இதற்கு மட்டும் நான் தயங்காமல் பதில் சொல்வேன்: வலிக்காக வேண்டாம். எங்கே வெட்டினாலும் நரம்பு அங்கே மறுபடி முளைக்கும். நீளம் போனால் போனதுதான். செயற்கைக் கையைத் தாங்கவும் அசைக்கவும் ஒவ்வொரு அங்குலமும் வேண்டும். நான் மேலே சொன்ன பிரேக்கியாலிஸ் வழியும் குட்டையான கையில் அடைபட்டுப் போகலாம். எக்ஸ்ரேயில் எலும்பு நுனியில் கூர்முளை இருந்தாலோ, தோல் ஒட்டி இழுத்தாலோ, ஆறாத சீழ் இருந்தாலோ அது வேறு கதை. அதற்காகக் கொஞ்சம் சீவ வேண்டி வரலாம். “வலி போகட்டும், இன்னும் கொஞ்சம் எடுத்துப் பார்ப்போம்” என்பது காரணமே அல்ல.

ஆபரேஷனுக்கு முன்னால் தெரிய வேண்டியது

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வார்த்தை “இழுபட்டு”. வெட்டுப்பட்ட கை வேறு, மெஷினில் இழுபட்ட கை வேறு. கடுமையாக இழுக்கும்போது கழுத்திலிருந்து வரும் நரம்பு வேர்கள் தண்டுவடத்திலிருந்தே பிய்ந்துபோக வாய்ப்பு உண்டு. பைக் விபத்துகளில் இதை அடிக்கடி பார்க்கிறோம். அப்படிப் பிய்ந்திருந்தால் எரிச்சல் தண்டுவடத்திலிருந்து வருகிறது. அந்த நரம்பைக் கீழே தசையோடு இணைப்பதால் பயனில்லை, செத்த நரம்பு எதையும் இயக்காது. அதற்கு வேறு சிகிச்சை. தோளைத் தூக்க முடிகிறதா, எஞ்சிய கையை உடம்போடு சேர்த்து அழுத்த முடிகிறதா, இல்லாத கையை மூட நினைக்கும்போது மீதிக் கையில் தசை துடிக்கிறதா என்பதையெல்லாம் பார்த்து, சந்தேகம் இருந்தால் கழுத்துக்கும் அக்குளுக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். தொட்டால் சுண்டு விரலுக்குப் பாய்கிறது என்பதே அந்த நரம்பு மூளையோடு தொடர்பில் இருக்கிறது என்பதற்கு நல்ல அறிகுறி. இருந்தாலும் பார்க்காமல் மேஜையில் படுக்காதீர்கள்.

அடுத்தது ஊசிப் பரிசோதனை. அல்ட்ராசவுண்டில் முடிச்சைப் பார்த்து, அதற்கு மேலே லிக்னோகெயின் மரத்துப்போகும் மருந்து கொடுப்பார்கள். மருந்து வேலை செய்யும் அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் எது குறைந்தது, எது குறையவில்லை என்று நீங்கள் சொல்ல வேண்டும். தொடும் வலி அடங்கி, எரிச்சலும் சேர்ந்து அடங்கினால் நரம்பு நுனிக்குச் செய்யும் ஆபரேஷனில் நம்பிக்கை வைக்கலாம். தொடும் வலி மட்டும் அடங்கினால் செயற்கைக் கையை மாட்டும் வாய்ப்புக் கூடும், ராத்திரி எரிச்சல் தொடரலாம். எதுவுமே அடங்கவில்லை என்றால் நகையை அடகுக் கடையிலிருந்து தள்ளி வையுங்கள்.

மருந்து விஷயத்தில் உங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. டைக்ளோஃபினாக் நரம்பு வலிக்கான மருந்தே இல்லை. தினமும் எடுத்தால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கோளாறும்தான் மிச்சம். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை இந்த வாரமே செய்துவிடுங்கள். கேபாபென்டினோடு மது சேர்ந்தால் மயக்கம் கூடும், மூச்சு மந்தமாகும். கட்டிங் உங்களைத் தூங்க வைப்பது உண்மை, அந்தத் தூக்கம் பாதி ராத்திரியில் கலைவதும் உண்மை. குடிக்கிறேன் என்பதை மறைக்காமல் எழுதினீர்களே, அதை டாக்டரிடமும் அப்படியே சொல்லுங்கள். கேபாபென்டினை நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். சிறுநீரகம் நன்றாக இருந்தால் உங்கள் அளவைக் கூட்ட இடமிருக்கிறது. ராத்திரிக்குக் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின், அல்லது டுலாக்ஸெடின் சேர்க்கும் வழியும் இருக்கிறது. இவை எல்லோருக்கும் கேட்பதில்லை. ஆனால் முறையாகக் கொடுத்துப் பார்க்காமலே “மருந்து கேட்கலை” என்று ஆபரேஷனுக்குப் போவது அவசரம்.

கண்ணாடிப் பயிற்சிக்குச் செலவே இல்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990-களில் அறிமுகப்படுத்தியது. மேஜை மேல் ஒரு கண்ணாடியை நெஞ்சின் நடுவுக்கு நேராக, அதன் முகம் இடது பக்கம் பார்க்கும்படி செங்குத்தாக நிறுத்தி, எஞ்சிய கையை அதற்குப் பின்னால் மறைத்து, இடது கையை முன்னால் வைத்து, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தையே பாருங்கள். இடது கையை மூடி, மெதுவாக விரியுங்கள். வலது கையும் விரிவதாக நினைத்துக்கொள்ளுங்கள். தினமும் கால் மணி நேரம், நான்கு வாரமாவது. மூடிய கை திறக்கவில்லை என்ற உங்கள் குறைக்கு இது நேராகப் பேசும் பயிற்சி. முதல் சில நாள் தலைசுற்றலோ அழுகையோ வரலாம். வலி கூடினால் நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்

நான் நரம்பு அறுவை செய்கிறவன். எனக்கு ஆபரேஷன் பக்கம் ஒரு சாய்வு இருக்கும், அதைக் கழித்துக்கொண்டே கேளுங்கள்.

2019-இல் டுமேனியன் குழு வெளியிட்ட ஆய்வில் உங்களைப் போல நாள்பட்ட வலியோடு இருந்த 28 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு டி.எம்.ஆர்., மறு பாதிக்கு உங்களுக்குச் செய்த மாதிரி வெட்டிப் புதைக்கும் முறை என்று செய்தார்கள். மாயவலி குறைந்ததில் டி.எம்.ஆர். ஆட்கள் முன்னே இருந்தார்கள். எஞ்சிய உறுப்பின் வலியிலும் பலன் அந்தப் பக்கமே சாய்ந்தது, ஆனால் அது தற்செயலாக இல்லை என்று அடித்துச் சொல்ல 28 பேர் போதாது. ஆக, உங்கள் மச்சான் சொன்ன “சுத்தமாப் போயிடும்” சிலருக்கு நடக்கலாம், உங்களுக்கு நடக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. வாக்குக் கொடுப்பவரிடம் ஆபரேஷன் செய்துகொள்ளாதீர்கள். நியாயமான எதிர்பார்ப்பு: கரண்ட் அடிப்பது நன்றாகக் குறைவது, ராத்திரி எரிச்சலின் வேகம் தணிவது, மாத்திரை குறைவது, பரணில் இருப்பதை இறக்கி மாட்டுவது.

நான்கு வருடம் தாமதமா? கையை எடுக்கும் அன்றே இதைச் செய்துவிட்டால் வலி வராமலே தடுக்க நல்ல வாய்ப்பு. அந்த நாள் போய்விட்டது. ஆனால் பல வருடம் கழித்துச் செய்தவர்களுக்கும் பலன் கிடைத்திருக்கிறது. உங்கள் பைசெப்ஸும் ட்ரைசெப்ஸும் உயிரோடு துடிக்கின்றன என்றால் கதவு மூடவில்லை.

ஆபத்துகள் சாதாரண ஆபரேஷனின் ஆபத்துகள்தான்: மயக்க மருந்து, ரத்தக்கட்டு, சீழ், தோலில் சில இடம் மரத்துப்போவது, வேறிடத்தில் புது முடிச்சு. ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் சில வாரங்களில் மாயக்கை வலி முன்னைவிடக் கூடலாம். “ஐயோ கெட்டுப்போச்சே” என்று வீட்டில் எல்லோரும் பதறுவார்கள். இழைகள் தசைக்குள் போய்ச்சேர மூன்று முதல் ஆறு மாதம் ஆகும், அதுவரை தீர்ப்பு எழுதாதீர்கள்.

பணமும் காகிதமும்

முதல் நியூரோமா ஆபரேஷன் குறிப்பை உடனே கேட்டு வாங்குங்கள். எந்த நரம்பை எங்கே வெட்டி எங்கே புதைத்தார்கள் என்பது அடுத்து செய்பவருக்கு மிக முக்கியம். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைக் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான ஒழுங்கு விதி. ஆனால் மூன்று வருடத்துக்குத்தான் அவற்றை வைத்திருக்கக் கட்டாயம். உங்களுக்கு இன்னும் சில மாதம்தான் இருக்கிறது. எழுத்தில் கேளுங்கள், நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

மில்லில் உங்களுக்கு இ.எஸ்.ஐ. பிடித்தார்களா என்று எழுதவில்லை. பிடித்திருந்தால் வேலையில் நேர்ந்த விபத்து என்ற வகையில் நிரந்தர ஊனத்துக்கான பணமும் சிகிச்சையும் உங்கள் உரிமை. பழைய எண்ணை எடுத்துக்கொண்டு கோவை சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் விசாரியுங்கள். பிடிக்கவில்லை என்றால் மில் முதலாளி இழப்பீடு கொடுக்க வேண்டிய கடமை பற்றி ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் பேசுங்கள். நான்கு வருடம் ஆகிவிட்டது, தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கும், இன்னும் தள்ளாதீர்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை வாங்கலாம். இந்த ஆபரேஷன் எந்தத் தலைப்பில் வரும், முன் அனுமதி கிடைக்குமா என்பதை அட்மிஷனுக்கு முன்பே மருத்துவமனைக் காப்பீட்டுக் கவுன்டரில் கேட்டுவிடுங்கள். நகை அதற்கு அப்புறம்தான்.

கோவையில் கை அறுவை, நுண்ணறுவை செய்யும் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுகள் இருக்கின்றன. சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. போகும்போது மனைவியையும் அழைத்துப் போங்கள். அந்த மருத்துவரிடம் இவற்றைக் கேளுங்கள்: இந்த ஆபரேஷனை இதற்கு முன் செய்திருக்கிறீர்களா? எந்த நரம்பை எந்தத் தசைக்குக் கொடுப்பீர்கள்? அதனால் எந்த அசைவை இழப்பேன்? பலன் இல்லையென்றால் அடுத்து என்ன? இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல்படுகிறவரிடம் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம், இன்னொருவரைப் பாருங்கள்.

பரணில் இருக்கும் கையைப் பற்றி ஒரு விஷயம். ஆபரேஷன் செய்துகொண்டால் தசையின் வடிவம் மாறும், வீக்கம் வடியவும் நாளாகும். எஞ்சிய கையில் மாட்டும் கிண்ணமான பழைய சாக்கெட் பொருந்தாது. புது அளவை எடுக்கச் செயற்கை உறுப்பு நிபுணரும் அறுவை மருத்துவரும் சேர்ந்து சொல்லும்வரை பொறுங்கள். அதற்கு முன் யாராவது “ஆஃபர் விலைக்கு” புதுக் கை செய்து தருகிறேன் என்று அட்வான்ஸ் கேட்டால் கொடுக்காதீர்கள்.